ஏழாம் கேள்வி, குப்பனூர் வழி

அறிவிப்பு வந்த செவ்வாய்க்கிழமை
சூரமங்கலத்தில் மின்சாரம் இல்லை.
யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்க
கைபேசி வெளிச்சத்தில் படித்தேன்:
நிபுணர் நிலைத் தேர்வு, புதிய பதிப்பு.
பழையதையே எழுத விரும்புவோருக்கு
ஆறு மாதம்.

ஆறு மாதத்துக்குள் பெங்களூரில் நாற்காலி இல்லை.
துபாயில் ஒன்றே ஒன்று.
அப்சல் எடுத்துக்கொண்டான்.
பதினோரு மாதம்
அவன் கிச்சிப்பாளையத்தில், நான் இங்கே,
நடுவில் ஸ்பீக்கரில் போட்ட போன்,
இரவு ஒரு மணிக்கு வாடகை ரேக்.
"குமுதா, டைப் பண்றது கேக்குது, யோசிக்கிறது கேக்கல" என்பான்.
கட்டணம், விமானம், லாட்ஜ் எல்லாம் கூட்டிப் பார்த்தேன்.
செவ்வாய்ப்பேட்டையில்
முப்பது ஜோடி கொலுசு வாங்கலாம்.
நான் புதியதற்குக் காத்திருந்தேன்.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நோட்டு.
நாற்பது சுவிட்சை ஒவ்வொன்றாய்க் கையால் திருத்தும் வேகம்:
அடி.
(இனி பைத்தானில் எழுத வேண்டுமாம்.
விரல்களிடம் யார் சொல்வது?)
ஃபைபர் சேனல், நூற்று நாற்பதிலிருந்து நூற்று அறுபத்தெட்டு வரை:
அடி.
அந்தப் பக்கங்களில் டீக்கறை, அப்சலின் கையெழுத்து,
பையனுக்குக் காய்ச்சல் வந்த இரவின் தெர்மாமீட்டர் கணக்கு.
பேனா எதையும் பார்த்து நிற்கவில்லை.
"சிலபஸ்தானே மாறிச்சு" என்றார் வீட்டுக்காரர்,
தட்டுவடை செட்டைப் பொட்டலத்திலிருந்து பிரித்தபடி.
பீட்ரூட் துருவல் அட்டையில் சிந்தியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சர்வர் அறையைத் திறந்தேன்.
மூன்றாவது ரேக்கில் அதே ஆரஞ்சு கேபிள்,
அதே ஃபைபர் சேனல்,
ஊர்ப்பட்ட எலும்புகளின் ஸ்கேன் படங்களைச் சுமந்துகொண்டு
பச்சையாய்க் கண்சிமிட்டியது.
அதற்கு யாரும் அறிவிப்பு அனுப்பவில்லை.

புதிதாய்ச் சேர்த்திருப்பது வடிவமைப்பு. மூன்று மணி நேரம்.
இல்லாத ஒரு கம்பெனி,
அதன் மேலாளர் எழுதும் மின்னஞ்சல்கள்,
பட்ஜெட் குறைவு, ஆசை அதிகம்.
எது சரி என்று தேர்ந்தெடு, ஏன் என்று சொல்.
அடுத்த கேள்விக்குப் போனால்
முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது.
மாதிரித் தாளில் ஒவ்வொரு முறையும்
ஏழில் விழுந்தேன்.
ஆறில் செய்த தப்பு
ஏழில்தான் தெரியும்.

மே மாதம் இரண்டு நாள் ஏற்காட்டில் அறை எடுத்தேன்,
யாரும் கூப்பிடாமல் படிக்க.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள்,
அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி.
அடியில் அண்டர்லே, மேலே ஓவர்லே.
மரம் சாய்ந்தால் கொடி எந்த வழி போகும்
என்று ஒரு காலை முழுக்க யோசித்துவிட்டு
ஒரு வரியும் எழுதவில்லை.

மலர்க் கண்காட்சிக் கூட்டம்.
அடிவாரம் வழியே ஏறலாம்,
குப்பனூர் வழியே மட்டும் இறங்கலாம்.
பாதி இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது:
நோட்டு ஜன்னல் திட்டில்.

வளைவில் நின்ற காவலர் குனிந்து பார்த்தார்.
"ரிவர்ஸ் கிடையாதுங்க மேடம்.
கீழ போய், சேலம் சுத்தி,
மறுபடி அடிவாரத்துல இருந்து ஏறணும்."

பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்தது.
தேவை என்ன, தடை என்ன, செலவு என்ன?
ஓரம் கட்டி லாட்ஜுக்குப் போன் போட்டேன்.

ரூம் பையன் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.
"நிறைய சிவப்புல அடிச்சிருக்கேக்கா, வேணுமா இது?"

"நூத்தி நாப்பதுல இருந்து நூத்தி அறுபத்தெட்டு வரைக்கும்
கிழிச்சு, நாலு மணி பஸ்ல குடுத்துவிடு தம்பி."

"அதுதானேக்கா முழுசா அடிச்சிருக்கு?"

"ஆமா" என்றேன்.
"அதுதான்."

அப்சல் துபாயிலிருந்து இன்னும் பேசவில்லை.
ஒரு டிக் மட்டும் விழுந்திருக்கிறது.